எண்ணூறுக்கு வராத சுவர்

என் மனைவி மருத்துவமனையில் கிடந்த நாற்பத்தொரு நாட்களுக்குள், எங்கள் கிழக்கு வீட்டுக்காரர் இரண்டு மனைகளுக்கும் நடுவே இருந்த பழைய மதிற்சுவரை இடித்துவிட்டுப் புதிய சுவரைக் கட்டி முடித்திருந்தார். இந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. ஆயினும் அதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்த ஒவ்வொரு முறையும் நான் ஒரு மனிதர்மீது குற்றம் சுமத்திக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் நாங்கள் குடியேறி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. நான் கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவன். என் மனைவி தாம்பரத்தில் தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். கிழக்கு வீட்டுக்காரர் ஒரு கிறித்தவப் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்து தலைமையாசிரியராக வெளியே வந்தவர். அவர் எனக்கு 'ஹெச்.எம். சார்', நான் அவருக்கு 'ப்ரொஃபசர் சார்'. முப்பது ஆண்டுகளில் இந்தப் பட்டங்களைத் தாண்டி நாங்கள் ஒருவரையொருவர் அழைத்ததில்லை. பெண்கள் இருவரும் அப்படியல்ல. பழைய சுவர் மார்பளவுதான் இருந்தது. அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவர்கள் பேசுவார்கள். அவர் மனைவி என் மனைவியை 'அக்கா' என்பார். ஆண்களான நாங்கள் முன்வாசல் கேட் வழியாகத்தான் போய்வந்தோம்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அந்த நாற்பத்தொரு நாட்களில் பெரும்பாலான காலைகளில் ஹெச்.எம். சார்தான் தம் காரில் என்னை மருத்துவமனையில் இறக்கிவிட்டார். வேளச்சேரி சாலை நெரிசலில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. சுவரைப் பற்றி அவர் ஒரே ஒருமுறை சொன்னார்: "மழையில விரிசல் விட்டுடுச்சு சார், விழுந்துடுமோன்னு பயமா இருக்கு, புதுசா கட்டிடறோம்." நான் தலையசைத்திருக்க வேண்டும். அன்று டாக்டர் என்ன சொல்லப்போகிறார் என்பதைத் தவிர வேறெதையும் என் மனம் ஏற்கவில்லை.

அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் புறப்பட்டுப் போன பிறகு, வீட்டின் கிழக்குச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போனேன். முப்பது ஆண்டுகளாக நான் தினமும் நடந்த வழி அது. அன்று அது குறுகியிருந்தது. புதிய சுவர் என் தலைக்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றது. சிமெண்ட் பூச்சு இன்னும் ஈரவாடை மாறாமல் இருந்தது. பின்பக்கம் போகப் போக இடது தோள் வீட்டுச் சுவரிலும் வலது தோள் மதிற்சுவரிலும் பட்டுவிடும்போல ஓர் உணர்வு. வடகிழக்கு மூலையில் எங்கள் எல்லைக்கல் ஒன்று தரைக்கு மேல் நான்கு விரற்கடை தெரியும். அந்த இடத்தில் இப்போது காங்கிரீட் மெழுகியிருந்தது. கல்லைக் காணோம்.

அங்கேதான் தொடங்கியது. அதன் பிறகு எல்லாமே சாட்சியாக மாறிவிட்டது. துக்கம் கேட்க வந்தபோது ஹெச்.எம். சார் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தது, மருத்துவமனையிலிருந்து என் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு வந்தது, புதுச் சுவரைப் பற்றி நான் எதுவும் கேட்காதபோதே "பழைய கடைக்கால் மேலதான் சார் எழுப்பியிருக்கு" என்று சொன்னது. கேட்காத கேள்விக்கு ஏன் பதில் சொல்ல வேண்டும்? நாற்பத்தொரு நாட்களும் பகலெல்லாம் எங்கள் வீடு பூட்டிக்கிடந்தது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? காலையில் என்னை மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டால் மாலைவரை நான் திரும்ப மாட்டேன் என்பதும் அவருக்குத் தெரியும். இப்படி யோசிக்கத் தொடங்கியவனுக்கு அந்தக் கார் சவாரிகள்கூட வேறொரு பொருள் கொண்டன. அந்தப் பொருளை எழுதவே கூசுகிறேன். ஆனால் யோசித்தேன்.

அலமாரியிலிருந்து கிரயப் பத்திரத்தை எடுத்தேன். மனையின் அளவு எல்லாப் பத்திரங்களிலும் எழுதுவது போலவே எழுதப்பட்டிருந்தது: கிழமேல் ஜாதியடி தென்புறம் நாற்பது, வடபுறம் முப்பத்தேழு, தென்வடல் ஜாதியடி இருபுறமும் அறுபது. அதாவது சாலையை ஒட்டிய முன்பக்கம் நாற்பதடி, பின்பக்கம் மூன்றடி குறைவு. அந்தக் குறைவு முழுவதும் கிழக்குப் பக்கச் சாய்வில் போகிறது.

ஒரு கோட்டுக்கு இரண்டு புள்ளிகள் போதும். அதை முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். தென்மேற்கு மூலையை ஆதிப்புள்ளியாக வைத்தேன். சாலையோரம் கிழக்கு நோக்கி x-அச்சு. எங்கள் மேற்கு மதிற்சுவரோடு வடக்கு நோக்கி y-அச்சு. கிழக்கு எல்லையின் முன்முனை (40, 0). பின்முனை (37, 60). y-இல் அறுபது கூடும்போது x-இல் மூன்று குறைகிறது. சாய்வு கழித்தல் இருபது. இரண்டு வரிகளில் சமன்பாடு வந்துவிட்டது: 20x + y = 800. கிழக்கு எல்லையின் நீளத்தையும் சரிபார்த்தேன். அறுபதடியும் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவும் வந்தது. பத்திரம் எழுதியவர் அந்த அங்குலத்தைப் பொருட்படுத்தவில்லை. அச்சுகள் சரியாகப் பொருந்தியிருக்கின்றன என்பதற்கு அது போதுமான சான்று என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஐம்பதடி டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினேன். தனியாக அளப்பது கடினம். டேப்பின் முனையை மேற்குச் சுவரில் அடித்த ஓர் ஆணியில் மாட்டிவிட்டு, பின்கட்டின் குறுக்கே நடந்து கிழக்குச் சுவர்வரை இழுத்தேன். முன்பக்கம் நாற்பது, குறைவில்லை. பின்பக்கம் முப்பத்தைந்தரை. மறுபடி அளந்தேன். முப்பத்தைந்தரை. பின்சுவரிலிருந்து பன்னிரண்டடி முன்னே வந்து மூன்றாவதாக ஓர் இடத்தில் அளந்தேன். அங்கும் குறைவு.

சமன்பாட்டில் பின்மூலையை இட்டுப் பார்த்தால் எண்ணூறு வரவேண்டிய இடத்தில் எழுநூற்று எழுபது வந்தது. கோட்டிலிருந்து அந்தப் புள்ளியின் செங்குத்துத் தொலைவு ஒன்றரை அடிக்கு மயிரிழை குறைவு. புதிய சுவருக்கென்று தனியாக ஒரு சமன்பாடும் கண்டேன்: 40x + 3y = 1600. மூன்றாவது புள்ளியும் அதில் பிசகாமல் உட்கார்ந்தது. அந்த நேர்த்திதான் என்னை மேலும் கசப்பாக்கியது. ஏதோ கை தவறிக் கோணிய சுவர் அல்ல இது. முன்பக்கம் நாற்பதடியை அப்படியே வைத்துவிட்டு, பார்வையில் படாத பின்பக்கத்தில் சிறுகச் சிறுக உள்ளே வந்திருக்கிறது. திட்டமிடாத கை இவ்வளவு நேராகத் திருடாது.

மகள் பெங்களூரில் இருக்கிறாள். வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது சொன்னேன்.

"ஒன்றரை அடிக்காப்பா? அவங்க வண்டியிலதானே அம்மாவ கடைசியா வீட்டுக்கு…"

"வண்டி வேற, சுவர் வேற."

"உங்களுக்கு எல்லாமே வேற வேறதாம்பா" என்றாள். பிறகு மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

இரண்டு சமன்பாடுகளையும் ஒரு வெள்ளைத் தாளில் தெளிவாக எழுதினேன். படம் வரைந்தேன். பத்திரப்படி உள்ள கோட்டைக் கறுப்பு மையிலும் கட்டப்பட்ட கோட்டைச் சிவப்பு மையிலும் இட்டேன். நேரில் போய்ச் சண்டை போடுவது என் இயல்பல்ல. அளவும் எண்ணும் பேசட்டும் என்பதே நாகரிகம் என்று கருதினேன்.

ஹெச்.எம். சார் வராந்தாவில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கி முதலில் தலைகீழாகப் பிடித்தார்.

"என்ன சார் இது?"

"நம்ம சுவரோட சமன்பாடு."

"நான் தமிழ் வாத்தியார் சார். கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க."

"கறுப்பு, பத்திரப்படி இருக்க வேண்டிய கோடு. சிவப்பு, நீங்க கட்டியிருக்கிற கோடு. ரெண்டும் ஒரே இடத்துல ஆரம்பிச்சு பின்னால போகப் போக விலகுது. முடியற இடத்துல ஒன்றரை அடி."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "யார் பக்கம் சார் விலகுது?"

"என் பக்கம்."

உள்ளேயிருந்து அவர் மனைவி தேநீர்க் கோப்பையோடு வந்தார். நான் எழுந்துகொண்டேன். "இல்லம்மா, இப்பதான் குடிச்சேன்" என்றேன். நான் குடித்திருக்கவில்லை. ஹெச்.எம். சார் தாளை இரண்டாக மடித்து, பிறகு நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்தார். "சனிக்கிழமை பையன் வருவான். அவன்கிட்ட காட்டிட்டு சொல்றேன் சார்." மறுக்கவில்லை, கோபப்படவில்லை. குற்றமற்றவன் முதலில் கோபப்படுவான் என்று அப்போது உறுதியாக நம்பினேன்.

சனிக்கிழமை மாலை தந்தையும் மகனும் என் வீட்டுக்கு வந்தார்கள். மகன் சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பொறுப்பான பதவியில் இருப்பவன். தாளை விரித்து மேசைமேல் வைத்தான்.

"அங்கிள், நான் செக் பண்ணேன். ஸ்லோப், டிஸ்டன்ஸ் எல்லாம் பக்கா. ஒரு மிஸ்டேக்கும் இல்ல."

"இருக்காது" என்றேன்.

"ஒரே ஒரு டவுட் அங்கிள். ஆரிஜின் எங்க வெச்சீங்க?"

"என்னோட முன்பக்க மேற்கு மூலை."

"அப்ப ஒய் ஆக்ஸிஸ்?"

"என் மேற்குச் சுவர்."

அவன் ஏதோ கேட்க வாயெடுத்தான். ஹெச்.எம். சார் சட்டென்று அவன் கையைப் பிடித்தார். "போதும்டா. சார் கணக்குல நாம போய் என்னத்தப் பாக்கறது!" அவர் முகத்தில் அதுவரை இல்லாத ஒரு பதற்றம் தெரிந்தது. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "இடிச்சிடறேன் சார். அடுத்த திங்கட்கிழமை மேஸ்திரிய வரச் சொல்றேன். நீங்க எங்க கோடு போடறீங்களோ அங்க கட்டிக்கறேன்."

"அப்பா, என்னப்பா இது? புதுச் சுவர்…"

"வாடா போலாம்."

அவர்கள் போன பிறகு நான் வெகுநேரம் அந்த நாற்காலியிலேயே இருந்தேன். நான் வென்றுவிட்டேன். ஆனால் என் ஐயம் தீரவில்லை, வளர்ந்தது. இவ்வளவு எளிதாக ஒருவர் புதுச் சுவரை இடிக்க ஒப்புக்கொள்வாரா? மகன் எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாதென்று அவர் தடுத்தார்? ஒன்றரை அடிக்கு மேலும் ஏதோ இருக்கிறது. அது வெளிவராமல் இருக்கத்தான் அவசரமாக இடிக்கிறார் என்று முடிவு செய்தேன். இடிக்கும் முன் மூன்றாம் மனிதர் ஒருவர் அளந்து பதிவு செய்துவிட வேண்டும். மறுபடியும் அவர் இஷ்டத்துக்குக் கட்டிவிடக் கூடாது. சேலையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சர்வேயரை வரவழைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கூடவே கடப்பாரையோடு அவரைவிட மூத்த ஒருவர். ஹெச்.எம். சாரையும் முறைப்படி அழைத்திருந்தேன். அவரும் அவர் மனைவியும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். சர்வேயர் என் தாளை வாங்கிப் பார்த்தார்.

"பேப்பர் சூப்பரா கீது சார். அச்சடிச்சா மாதிரி. இருக்கட்டும், மொதல்ல இந்தாண்ட சந்தக் காட்டுங்க."

"தகராறு கிழக்குச் சுவர்லதான்."

"தெரியும் சார். எந்தச் செவுத்துலேந்து அளந்தீங்களோ அத்த மொதல்ல பாக்கணும்ல."

மேற்குச் சந்து நான் புழங்காத இடம். போர் மோட்டார், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, என் மனைவியின் துணிக்கொடி எல்லாம் அங்கேதான். துணி உலர்த்த அவள் போவாள். நான் அந்த வழியாகக் கடைசியாக எப்போது பின்கட்டுக்குப் போனேன் என்று நினைவுபடுத்த முயன்றேன், முடியவில்லை. கடப்பாரைக்காரர் முன்னால் நுழைந்தார். பாதி தூரத்திலேயே குரல் கொடுத்தார்.

"இன்னா சார் இது, போவப் போவ இறுக்கிகினே போவுது. ஒரே பேஜாரா கீது. ஆளு மாட்டிக்கினா வண்டி வெச்சித்தான் இழுக்கணும்."

சர்வேயர் டேப்பைப் பிடித்தார். வீட்டின் முன் மூலையில் சந்தின் அகலம் மூன்றே முக்கால் அடி. பின் மூலையில் மூன்றடிக்கும் குறைவு. அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த இரண்டு எண்கள் போதுமானவையாக இருந்தன. ஆனால் அறிவு ஒப்புக்கொண்டதை வேறொன்று ஒப்புக்கொள்ளவில்லை.

"வூடு மூலைமட்டத்துக்கு சுத்தமா கீது சார். செவுருதான் சாஞ்சிகினு போவுது. இது எப்பக் கட்னது?"

"இருபத்தாறு வருஷம் ஆச்சு."

"நீங்க கூட நின்னு கட்னீங்களா?"

"இல்ல. அந்த மே மாசம் முழுக்க நான் விடைத்தாள் திருத்தறதுக்கு வெளியூர்ல இருந்தேன். என் மனைவிதான் நின்னு கட்டினாங்க."

"அப்ப அவங்களக் கூப்டுங்க. ஒரு வார்த்த கேட்டுக்கலாம்."

சர்வேயர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். ஹெச்.எம். சார்தான் மெல்லிய குரலில், "அவங்க தவறிட்டாங்க" என்றார்.

எங்கள் மனைக்கு மேற்கே எட்டடி அகலத்தில் ஒரு பொதுச்சந்து பின்னால் இருக்கும் வீடுகளுக்குப் போகிறது. எல்லோரும் சுற்றிக்கொண்டு அங்கே போனோம். சந்தின் கோடியில், சுவருக்கும் சிமெண்டுப் பாதைக்கும் நடுவே கொஞ்சம் மண்தரை இருந்தது. சர்வேயர் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிச் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு புள்ளி வைத்தார். அந்த ஒன்றரை அடியை அவர் என் தாளிலிருந்துதான் எடுத்துக்கொண்டார். கடப்பாரைக்காரர் நான்கு குத்து குத்தினார். ஐந்தாவது குத்தில் 'நங்' என்று கல்லில் பட்டது.

"இந்தா கீது சார் ஒங்க கல்லு! நல்லா தூங்கிகினு கீது."

மண்ணை விலக்கினார். கல்லின் தலையில் கூட்டல் குறி செதுக்கியிருந்தது. அந்தக் கல்லிலிருந்து சுவரைத் தாண்டி, பின்கட்டின் குறுக்கே, கிழக்குப் புதுச் சுவர்வரை டேப் ஓடியது. முப்பத்தேழு. ஓர் அங்குலம்கூடக் கூடவோ குறையவோ இல்லை. ஹெச்.எம். சாரின் சுவர் எண்ணூறில்தான் நின்றது.

கோட்டின்மேல் ஐயம் கொள்ளலாம், புள்ளிகளின்மேல் ஐயம் கொள்ளலாம். அச்சின்மேல் நான் ஐயம் கொள்ளவில்லை. அது என் சுவர்.

ஹெச்.எம். சாரின் மனைவி கணவரின் பக்கம் திரும்பினார்.

"இப்பவாவது சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"வேணாம். விடு."

"அக்காகிட்ட வாக்குக் கொடுத்தது நீங்க. நான் கொடுக்கல." அவர் என்னை நேராகப் பார்த்தார். "இந்தப் பின் வீட்டுல ஒரு பெரியவர் இருந்தாரே, ஞாபகம் இருக்கா சார்? கிட்னி போனவர். வாரத்துக்கு ரெண்டு நாள் ஆஸ்பத்திரி. ஆட்டோ சந்துக்குள்ள வந்தா அவங்க கேட்டுக்குள்ள திரும்ப முடியாது. நாற்காலியில வெச்சு ரோடு வரைக்கும் தூக்கிட்டுப் போவாங்க. அக்கா பாத்துட்டு, சுவர் கட்டற மேஸ்திரிய கூப்பிட்டு உள்ள தள்ளிக் கட்டச் சொன்னாங்க. நாங்க ரெண்டு பேரும் இங்கதான் நின்னோம். 'சாருக்குத் தெரியுமா'ன்னு இவரு கேட்டாரு. அதுக்கு அக்கா என்ன சொன்னாங்க தெரியுமா?"

"போதும்மா" என்றார் அவர் கணவர்.

"'அவருக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா பத்திரத்தத் தூக்கிக்கிட்டு வந்து உக்காந்துருவாரு. மெதுவா நானே சொல்லிக்கறேன்'னாங்க." அவர் என் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார். "அந்த மனுஷி வாய மூடிட்டுப் போயிட்டாங்க. இவரு, அவங்க பேரு கெட்டுடக் கூடாதுன்னு கட்டுன சுவர இடிக்கறேங்கறாரு. நீங்க என்னடான்னா எங்கள திருடங்கன்னு படம் வரைஞ்சு கொடுத்தீங்க. செவப்பு மையில."

சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். சர்வேயருக்கு இதில் எதுவும் புரியவில்லை. அவர் தம் கடமையைச் செய்தார்.

"சார், கல்லு இங்க கீதுன்னா இது ஒங்க எடம். செவுத்த இதுவரைக்கும் தள்ளிக் கட்டிக்கலாம். யாரும் கேக்க முடியாது."

"மூடிடுங்க" என்றேன்.

"இன்னா சார்?"

"கல்ல மூடிடுங்க."

கடப்பாரைக்காரர் காலால் மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டார்.

அன்று மாலை அச்சைத் திருத்திக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். உண்மையான தென்வடல் கோட்டை y-அச்சாக வைத்தால், மேற்குச் சுவர் ஆதிப்புள்ளியிலிருந்து கிளம்பி (1.5, 60) என்ற இடத்தில் முடிகிறது. அதன் சமன்பாடு y = 40x. அவ்வளவு எளிய கோடு. அவள் போட்ட கோட்டுக்குள் இருபத்தாறு ஆண்டுகள் குடியிருந்தும் அதை நான் அறியவில்லை. அதற்கடுத்த சில நாட்கள் என் ஐயம் அவள் பக்கம் திரும்பியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வேறு எதையெல்லாம் சொல்லாமல் விட்டாள்? 'மெதுவா நானே சொல்லிக்கறேன்' என்றவள் எத்தனை முறை சொல்ல வந்து என் முகத்தைப் பார்த்துத் திரும்பிப் போனாள்? அவளது மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். மருந்துச் சீட்டுகள், பால் அட்டை, என்னுடைய பழைய கண்ணாடி ஒன்று. நான் தேடியது எதுவோ அது அங்கே இல்லை. அவள் மறைத்தது ஒன்றரை அடி நிலம் மட்டுமே. நான் எப்படிப்பட்டவன் என்பதை அவள் என்னிடம் சொல்லாமல் விட்டதுதான் பெரியது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இனி ஒரே ஒரு வீடுதான் மிச்சம். அந்த வீட்டுக்குத்தான் நான் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

இரண்டு வாரங்கள் போக முடியவில்லை. ஹெச்.எம். சாரைத் தெருவில் பார்த்தால் அவர் வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன். அவர் மனைவி வெளியே வரவில்லை. நான் வாசலில் இருந்தால் கதவு சாத்தப்பட்டது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் ஆராதனை முடிந்து வந்து ஒரு மணி நேரம் கழித்து, போனேன். அவர் கேட்டுக்கு உள்ளேயும் நான் வெளியேயும் நின்றோம்.

"என்னை மன்னிக்கணும் சார்" என்றேன்.

அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பரவாயில்லன்னு சொன்னா பொய்யாயிடும் சார். சந்தேகம் யாருக்கும் வரும். நீங்க இருந்த நிலைமையில இன்னும் வரும். ஆனா வாயால ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். 'ஏன்யா இப்படிப் பண்ணே'ன்னு கத்தியிருந்தாக்கூட நான் தாங்கியிருப்பேன். ஒரு பேப்பரக் கொடுத்துட்டு டீ கூடக் குடிக்காம போனீங்க பாருங்க."

"தப்புதான்."

"பையன் ஆரிஜின் எங்கன்னு கேட்டப்பதான் எனக்கே பொறி தட்டுச்சு. அடடா, அக்கா சொவரு! அத உங்ககிட்ட எப்படிச் சொல்றது? அவங்க போயி மூணு மாசம் ஆகல. இடிச்சா ஒரு சுவர்தான் போகும்னு நெனச்சேன்."

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். டேப் இல்லாமல், கணக்கு இல்லாமல், அவள் அந்த ஒன்றரை அடியை எப்படி முடிவு செய்தாள்?

அவர் முகம் முதல்முறையாகச் சற்று இளகியது. "டேப்பா? ஆட்டோவ வெச்சுத்தான் சார். பெரியவர எறக்கிட்டு வந்த ஆட்டோக்காரர நிறுத்தி, 'கேட்டுக்குள்ள திருப்பிக் காட்டுங்க'ன்னாங்க. பின் சக்கரம், சுவருக்குக் கயிறு கட்டின இடத்துல ஏறிடுச்சு. மேஸ்திரிகிட்ட, 'கயித்த இன்னும் உள்ள விடுங்க'ன்னாங்க. மறுபடி திருப்பச் சொன்னாங்க. மறுபடி ஏறிச்சு. அந்த ஆளு கடுப்பாயிட்டான். 'இன்னாம்மா, என்ன வெச்சிக் கோலம் போடறியா?'ன்னான்."

"அவ என்ன சொன்னா?"

"'ஆமாம்பா, புள்ளி தப்பாயிடுச்சு, இன்னொரு சுத்து சுத்து'ன்னாங்க. மேஸ்திரி சிரிச்சு சாந்துச் சட்டியக் கீழ போட்டுட்டாரு. மூணாவது தடவ வண்டி லேசாத் திரும்பிச்சு. சக்கரம் போன இடத்துல ஒரு செங்கல்ல வெச்சாங்க. அவ்ளோதான் சார் அளவு."

தெருவில் நின்று ஓர் ஆட்டோக்காரரோடு அப்படிப் பேசக்கூடியவளை நான் பார்த்ததில்லை. அவள் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாளா, சிரிக்காமல் சொன்னாளா என்று கேட்டேன்.

ஹெச்.எம். சார் யோசித்தார். "எனக்கு சரியா ஞாபகம் இல்ல சார். அவளுக்குத்தான் தெரியும்." அவர் உள்பக்கம் திரும்பித் தம் மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வா. சார் அக்காவப் பத்திக் கேக்கறாரு."

உள்ளே மிக்ஸி ஓடும் சத்தம் நின்றது. ஆனால் யாரும் வரவில்லை. அவர் இன்னொரு முறை கூப்பிடட்டுமா என்பதுபோல என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.